மிருணாளினி முகர்ஜியின் முடிச்சுச் சிற்பங்கள்: கயிறு எப்படி நிற்கிறது?

நார்முடி (இந்த இணைய உரையாடலைத் தொடங்கியவர்)

மிருணாளினி முகர்ஜி என்று பேச்செடுத்தாலே யட்சி, வனதேவதை, கருவளம் என்று பொருள் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். சொல்லட்டும். இங்கே அதை ஓரமாக வைத்துவிட்டு வேலைப்பாட்டைப் பேசலாமா? ஆளுயரத்தைத் தாண்டும் உருவங்கள். கல் இல்லை, மரம் இல்லை. சாயம் போட்ட நார்க்கயிறு, முடிச்சு, வேண்டிய இடத்தில் இரும்பு. இவ்வளவுதான். தொய்ந்து விழாமல் எப்படி நிற்கிறது?

புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாக: 1949இல் மும்பையில் பிறந்தவர். அப்பா சாந்திநிகேதனின் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி, அம்மா சிற்பி லீலா முகர்ஜி. பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்துவிட்டு, அங்கேயே ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் சுவரோவிய வடிவமைப்பில் மேற்படிப்பு. 1972இல் தில்லியில் முதல் தனிக்காட்சி. 1990களின் நடுவில் சுடுமண்ணுக்கும் 2003 முதல் வெண்கலத்துக்கும் போனார். 2015 பிப்ரவரியில் மறைந்தார். தில்லி நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய மொத்தப் படைப்புகளின் காட்சி அப்போதுதான் திறந்திருந்தது.

கேள்வி செய்முறை சார்ந்தது. சுவரில் தொங்கும் ஒரு புடைப்பு வடிவம்: உயரம் 120 செ.மீ., மடிப்பு வளைவையெல்லாம் விரித்து அளந்தால் அகலம் 90 செ.மீ. 4 மி.மீ. சணல் கயிறு. எவ்வளவு வாங்க வேண்டும், எந்த முடிச்சு, கம்பி எங்கே வர வேண்டும்?

பிரிக்கயிறு

முடிச்சில் தொடங்குவோம். பூந்தொட்டி உறி போடும் மேக்ரமேயில் (கயிற்று முடிச்சுக் கைவினை) முக்கால்வாசி ஸ்கொயர் நாட்தான், அதாவது இரு பக்கக் கயிறுகளை நடுக்கயிற்றின் மேல் மாறி மாறிக் கட்டும் முடிச்சு. அது பட்டை பட்டையாக இறங்கும், இடையில் ஓட்டை விடும், பக்கவாட்டில் பிடிமானம் குறைவு. உங்களுக்கு வேண்டியது அடர்ந்த பரப்பு. அதற்கு டபுள் ஹாஃப் ஹிட்ச்: ஒரு கயிறு குறுக்கே படுத்திருக்கும், அதைத் தாங்குகயிறு என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து இறங்கும் ஒவ்வொரு கயிறும் அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றிக் கீழே போகும். வரி முடிந்ததும் தாங்குகயிறு திரும்பி வரும், அடுத்த வரி. நெருக்கமாக இழுத்தால் பலகை மாதிரி விறைக்கும்.

கணக்குக்கு வருவோம். 4 மி.மீ. கயிற்றில் ஒரு முடிச்சின் அகலம் ஏறக்குறைய 8 மி.மீ. அப்படியானால் 90 செ.மீ.க்கு 112 இழை. ஒரு வரியின் உயரம் சுமார் 10 மி.மீ., ஆக 120 வரி. ஒரு முடிச்சு தின்னும் கயிறு 55 முதல் 60 மி.மீ. ஓர் இழைக்கு 7 மீட்டர் வருகிறது. தலைப்பில் மடித்து மாட்டுவதால் 14 மீட்டர் துண்டாக 56 வெட்டுங்கள். அது 784 மீட்டர். தாங்குகயிறு 110 மீட்டர். முனை, சேதாரம், இடையில் செருகுவது எல்லாம் சேர்த்து 1000 மீட்டர் என்று வாங்கினால் குறைபடாது. மீட்டருக்குப் பத்து கிராம் பக்கம் வரும், எனவே 10 கிலோ.

ஆனால் இது தட்டையான பரப்புக்கான கணக்கு. ஒரு மாதிரித் துண்டு போட்டு உங்கள் கை இறுக்கத்துக்கு என்ன வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். 20 இழை, 10 வரி போதும். கை இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

14 மீட்டர் இழையைத் தொங்கவிட்டு வேலை செய்ய முடியாது. ஒவ்வொன்றையும் விரலில் எட்டுப் போட்டுச் சுற்றிச் சிட்டமாக்கி ரப்பர் பேண்ட் போடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஒவ்வொரு முடிச்சுக்கும் முழு நீளத்தையும் இழுத்து, பத்தாவது வரிக்குள் கயிறு பிசிறடித்துப் போகும்.

வளைவுக்கோடு

இழைக் கணக்கு சரி. ஆனால் நார்முடி கேட்டது எப்படி நிற்கிறது என்று. அதற்குப் பதில் இழை கூட்டுவதிலும் குறைப்பதிலும்தான் இருக்கிறது.

ஒரு வரியில் 10 செ.மீ.க்கு ஒன்று வீதம் மடித்த புதுக்கயிற்றைத் தாங்குகயிற்றில் மாட்டுகிறீர்கள் என்று வையுங்கள். 90 செ.மீ.யில் ஒன்பது இடம், ஒவ்வொன்றிலும் இரண்டு இழை, மொத்தம் 18. அகலம் 14 செ.மீ. கூட வேண்டும். ஓரம் சட்டத்தில் கட்டுப்பட்டிருப்பதால் பக்கவாட்டில் போக இடமில்லை. பரப்பு முன்னால் புடைத்துக்கொண்டு வரும். அந்தப் புடைப்பைக் கயிறே தாங்கும், உள்ளே பஞ்சு அடைக்க வேண்டியதில்லை. ஒன்பதையும் ஒரே இடத்தில் செருகினால் புடைப்பு வராது, பாவாடைக் கொசுவம் மாதிரிச் சுருக்கம்தான் விழும். மூன்று நான்கு வரிகளில் இடம் மாற்றி மாற்றிச் செருகுங்கள்.

குறைப்பது இதற்கு நேர்மாறு. வேண்டாத இழையை வெட்டிவிடாமல் தாங்குகயிற்றோடு சேர்த்துப் படுக்கவைத்து, அடுத்த நான்கு முடிச்சை இரண்டின் மேலும் போட்டு, பிறகு பின்பக்கம் தள்ளி 5 செ.மீ. வால் விட்டு வெட்டுங்கள். ஒட்டி வெட்டினால் எடை ஏற ஏற உருவிக்கொண்டு வந்துவிடும்.

மடிப்பின் விளிம்பு, இதழ் போல வெளியே திரும்பும் உதடு, இங்கெல்லாம் தாங்குகயிற்றோடு 10 கேஜ் ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) ஒன்றையும் சேர்த்துப் படுக்கவைத்து இரண்டின் மேலும் முடிச்சிடலாம். கம்பி வெளியே தெரியாது; கையால் வளைத்த கோணம் அப்படியே நிற்கும். நான்கைந்து வரிக்கு ஒரு கம்பி என்று பழகிவிடாதீர்கள். அப்புறம் அது கம்பிக்கூண்டுக்குப் போர்த்திய போர்வைதான்.

முகர்ஜி முன்கூட்டியே வரைந்து, மாதிரி செய்துவைத்து வேலை பார்த்தவர் இல்லை. மனத்தில் ஒரு வடிவம், கையில் கயிறு, போகப்போக முடிவு. கூட்டுவதும் குறைப்பதும் கைக்கு வசப்படாமல் அது நடக்காது. பெரிய உருவம் ஒன்றுக்கு ஓராண்டு வரைகூடப் பிடித்திருக்கிறது.

சாயத்தொட்டி

கயிறு வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம். கடைச் சணல் கயிற்றில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். ஆலையில் நாரை இளக்க எண்ணெய்க் கலவை தெளிக்கிறார்கள், அதுதான் அந்த வாடை. அரிசித் தவிட்டு எண்ணெய் போட்டதும் உண்டு, உணவுப் பைக்காக நெய்வது, வாடை இருக்காது. எந்த எண்ணெயானாலும் எடுக்காமல் சாயத்தில் போட்டால் திட்டுத் திட்டாகத்தான் ஏறும்.

மொத்த 10 கிலோவையும் ஒரே தொட்டியில் போட நினைக்காதீங்க, வீட்டுப் பாத்திரம் கொள்ளாது. 2 கிலோ கழியாகப் பிரிங்க. ஒவ்வொரு கழியையும் நான்கு இடத்தில் தளர்வாக எட்டுக்கட்டுப் போடுங்க. இறுக்கிக் கட்டினால் கட்டுப் பட்ட இடம் வெள்ளையாக நிற்கும். 40 லிட்டர் தண்ணீர், 80 கிராம் சோடா ஆஷ், 40 கிராம் சோப்பு, ஒரு மணி நேரம் கொதி. தண்ணீர் டீ நிறத்துக்கு வரும், மேலே எண்ணெய் மிதக்கும். சூட்டோடு வடிச்சு வெந்நீரில் அலசுங்க. பச்சைத் தண்ணீரில் போட்டால் எண்ணெய் திரும்பவும் நாரில் ஒட்டிக்கும்.

சாயம்: டைரக்ட் டை, அதாவது உப்புப் போட்டுக் கொதிக்கவைத்தால் நேராக நாரில் ஏறுவது. 2 கிலோவுக்கு நல்ல அடர் நிறம் வேண்டுமானால் 60 கிராம். வெந்நீரில் கரைத்து வடிகட்டி, தொட்டி 50 டிகிரியில் இருக்கும்போது ஊற்றுங்க. அரை மணியில் கொதிக்குக் கொண்டு வாங்க. 400 கிராம் உப்பை இரண்டு தவணையாகப் போட்டு, இன்னும் முக்கால் மணி நேரம். கழியைத் திருப்பிக்கொண்டே இருக்கணும். ஈயம் பூசாத செம்பு, துருப்பிடித்த இரும்பு இரண்டும் வேண்டாம், நிறம் மங்கிப்போகும். எவர்சில்வர்தான் சரி.

பாய்க்கோரைக்குப் போடுகிற பளிச்சென்ற பேசிக் டைகள் (மெஜந்தா, மெத்தில் வயலட், மாலகைட் பச்சை) சணலில் சும்மா பிடித்துக்கொள்ளும். பார்க்க ரொம்ப அழகு. ஆனால் ஜன்னல் வெளிச்சத்திலேயே வெளுத்துவிடும். பாய் கிழிந்தால் புதுப்பாய் வாங்கலாம், ஒரு வருஷ வேலையை அப்படி விட முடியாது. ஒளித்தாங்கு எண் எட்டுக்கு ஐந்துக்குக் குறையாத சாயமாகக் கேட்டு வாங்குங்க. கருப்புக்கு சல்ஃபர் பிளாக்கைத் தொடாதீங்க. நாள்பட அதிலிருந்து அமிலம் உண்டாகி நாரையே நைத்துவிடும். சில்லறையில் பெயரில்லாத பொட்டலமாக வரும் சாயத்தையும் தவிர்த்துவிடுங்க. பென்சிடின் (புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள்) சார்ந்தவை தடை செய்யப்பட்டவை, பொட்டலத்தைப் பார்த்து உங்களுக்குத் தெரியாது.

நார்முடி

முடிச்சிட்ட பிறகு சாயம் போட்டால் என்ன? வேலை முடிந்து வடிவத்தைப் பார்த்து நிறத்தைத் தீர்மானிக்கலாமே.

சாயத்தொட்டி

முடிச்சுக்குள்ளே சாயம் இறங்காது. நாள் போகப் போக முடிச்சு கொஞ்சம் நகரும், அப்போது உள்ளேயிருந்து நிறமேறாத நார் எட்டிப் பார்க்கும். இன்னொன்று, நனைந்த கயிறு பருத்து நீளத்தில் சுருங்கும். முறுக்கு உள்ளதால் அப்படி. முடிச்சு கல்லாய் இறுகும். காய்ந்ததும் பருமன் குறைந்து முன்பைவிடத் தளர்ந்து நிற்கும். உங்கள் புடைப்பெல்லாம் போச்சு. முதலில் சாயம், நிழலில் முழுக்கக் காயவைப்பது, பிறகுதான் முடிச்சு.

சந்தேகத்தார்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதெல்லாம் மேக்ரமேதானே? எழுபதுகளில் வீட்டுக்கு வீடு தொங்கின ஆந்தையும் தொட்டி உறியும்தான். அதைப் பெரிதாகச் செய்தால் சிற்பமாகிவிடுமா?

வளைவுக்கோடு

இந்தக் கேள்வியை முகர்ஜியிடம் வாழ்நாள் முழுக்கக் கேட்டாகிவிட்டது. அவர் தன்னைச் சிற்பி என்றுதான் கருதினார், ‘நார்க் கலைஞர்’ என்ற பட்டத்தை விரும்பியவர் இல்லை. ஒரு வகையில் இந்த உரையாடலின் தலைப்பே அவருக்குப் பிடித்திருக்காது.

அளவு பெரிதானதால் சிற்பமாகவில்லை. உறியில் முடிச்சு அலங்காரம். எடையைத் தாங்குவது நேராக இறங்கும் நான்கு கயிறு. ‘யட்சி’ (1984), ‘பக்ஷி’ (1985) போன்றவற்றில் முடிச்சேதான் சுவர், முடிச்சேதான் தோல். உள்பக்கம் தெரியும், மடிப்பு ஒன்றுக்குள் ஒன்று போகும், சுற்றி வந்து பார்க்க வேண்டும். களிமண்ணில் சேர்த்தும் வழித்தும் செய்வதை அவர் இழை கூட்டிக் குறைத்துச் செய்கிறார். அதனால்தான் பின்னால் சுடுமண்ணுக்கும் வெண்கலத்துக்கும் போனபோது அதே இதழும் மடிப்பும் தடங்கலில்லாமல் வந்தன.

பரோடாவில் இதற்கு அடித்தளம் இருந்தது. சுப்ரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் சிறை போய், அப்புறம் 1944இல் சாந்திநிகேதனில் சேர்ந்தவர். அங்கே அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் இந்த மிருணாளினியின் அப்பா. 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பில் இருந்திருக்கிறார். கைவினைப் பொருளை எடுத்தால் கலையின் தரம் இறங்கிவிடும் என்ற பயம் அந்த வகுப்பறையில் இல்லை.

பிரிக்கயிறு

போலந்துச் சிற்பி மக்தலேனா அபகனோவிச்சோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். துறைமுகத்தில் கழித்துப் போட்ட சைசல் (கற்றாழை வகை நார்) கயிற்றை வாங்கி, பிரித்து, சாயம் போட்டு நெய்தார். நெய்தார் என்பதுதான் இங்கே வித்தியாசம். நெசவில் வருவது விரிப்பு. அதைப் பிளந்து, மடித்து, தொங்கவிட்டு உருவம் எடுக்க வேண்டும், எடை மேல்விளிம்பில்தான் விழும். முடிச்சில் தறியே கிடையாது. எந்த இடத்திலும் திசையைத் திருப்பலாம், எடையையும் வரிவரியாகப் பங்கிடலாம். இரண்டையும் ஒரே பெட்டியில் போடுவது சோம்பேறித்தனம்.

காப்பறை

கம்பி பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லை. பழைய நார்ப் படைப்புகள் பாழாவதற்கு வெளிச்சத்துக்கு அடுத்த காரணம் இரும்புதான். துரு கறை மட்டும் விடுவதில்லை. இரும்பு பட்ட இடத்தில் செல்லுலோஸ் (நாரின் முக்கியப் பொருள்) நொறுங்கும். கடுக்காய் போட்டுச் சாயமேற்றிய கயிறு என்றால் இன்னும் மோசம், இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து முதலில் கருக்கும், பிறகு நைந்துபோகும்.

சட்டத்துக்கு 8 மி.மீ. எம்.எஸ். கம்பி (சாதாரண மென்எஃகுக் கம்பி) போதும், மூன்றரை மீட்டருக்கு 1.4 கிலோதான் ஆகும். வெல்டிங் கசடைத் தட்டி, தேய்த்து, எபாக்சி பிரைமர் இரண்டு கை, மேலே பெயிண்ட். ஒரு வாரம் காயவிட்டுப் பருத்தி நாடாவை இறுக்கிச் சுற்றி, அதன்மேல்தான் கயிற்றை மாட்ட வேண்டும். ஜி.ஐ. கம்பியை வெட்டினால் முனையில் துத்தநாகப் பூச்சு போய்விடும். அந்த முனைக்குத் தனியாக எபாக்சி தொட்டு வைத்து, சுருட்டி மடக்குங்கள். மடக்காத முனை ஒரு நாள் வெளியே வந்து யார் கையையாவது கிழிக்கும்.

தொங்கும் எடை 10 கிலோ என்று நினைக்காதீர்கள். சணல் ஈரத்தை வாங்கும் பண்டம். வணிகக் கணக்கிலேயே 13.75% ஈரம் வைத்துத்தான் எடை போடுகிறார்கள். அடைமழையில் 20% தாண்டும். சட்டம் சேர்த்து 13 கிலோவுக்குக் கணக்குப் போட்டு, அதைப்போல நாலு மடங்கு தாங்கும் ஆங்கர் இரண்டு போடுங்கள். கூடான பிளாக் சுவரில் போடவே கூடாது. பீமில் போடுங்கள்.

கரையோரம்

கடலோர ஊர்களில் பூஞ்சை கட்டாயம் வரும். மாதத்துக்கு ஒரு தடவை மொட்டைமாடியில் நல்ல வெயிலில் போட்டு எடுத்தால் பூச்சியும் போகும் பூஞ்சையும் போகும். பாயையும் மெத்தையையும் அப்படித்தானே காய வைக்கிறோம்.

காப்பறை

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சணலில் லிக்னின் (மரத்துக்கு விறைப்புத் தரும் பொருள்) அதிகம். வெயில் பட்டால் பழுக்கும், மொடமொடத்து உடையும், சாயமும் வெளுக்கும். பத்து வெயில் பார்த்த கயிறு முடிச்சின் வளைவில்தான் முதலில் அறும், ஏனென்றால் அங்கேதான் நார் அதிகம் வளைந்திருக்கிறது.

பூஞ்சை 65% ஈரப்பதத்துக்கு மேல்தான் தலைதூக்கும். சென்னை, தூத்துக்குடி பக்கம் அதற்குக் கீழே இறக்குவது கஷ்டம்தான், ஆனால் காற்றோட்டம் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். சுவரில் ஒட்டி மாட்டாமல் 4 செ.மீ. இடைவெளி விடுங்கள். வெளிச்சுவர், குளியலறைச் சுவர் வேண்டாம். பூச்சி வந்துவிட்டால் பாலித்தீனில் காற்றை அழுத்தி எடுத்து மூடி, மைனஸ் 20இல் ஒரு வாரம். வெளியே எடுத்ததும் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க வைத்திருந்து பிறகு பிரியுங்கள். உடனே பிரித்தால் குளிர்ந்த நாரில் நீர் கோத்துக்கொள்ளும். வெளிச்சம் 50 லக்ஸ் (ஒளி அளக்கும் அலகு) போதும். அருங்காட்சியகத்தில் நார்ப் படைப்புகளை அரை இருட்டில் வைத்திருக்கிறார்களே என்று சலித்துக்கொள்கிறார்கள், காரணம் இதுதான்.

தூசிக்கு: வாக்குவம் கிளீனர் முனையில் நைலான் வலை கட்டி, குறைந்த இழுப்பில், தொடாமல் ஒரு விரல் தள்ளிப் பிடித்து. ஈரத்துணி எப்போதும் கூடாது. சாயம் இறங்குமா என்று தெரிய, பின்பக்கம் ஒரு மூலையில் ஈரமான வெள்ளைத்துணியை ஒரு நிமிஷம் அழுத்திப் பாருங்கள்.

நார்முடி

இரண்டு சின்னக் கேள்வி மிச்சம். சணலுக்குப் பதில் தேங்காய்நார்க் கயிறு எடுத்தால்? கேரளத்திலிருந்து மலிவாகக் கிடைக்கிறது. இரண்டாவது, நடுவில் இழை தீர்ந்துபோனால் முடிச்சுப் போட்டு நீட்டலாமா?

பிரிக்கயிறு

தேங்காய்நார் இழுத்தால் நீளும், சணல் நீளாது. 2% கூட நீளாமல் அறுந்துவிடும் சாதி சணல். கேட்க அது குறை மாதிரி இருக்கும். சிற்பத்துக்கு அதுதான் பலம், போட்ட வடிவம் போட்டபடி நிற்கும். தேங்காய்நாரில் புடைப்பெல்லாம் மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடும். நார் தடிப்பாக இருப்பதால் முடிச்சும் பிடிக்காது, பின்வாங்கும். செய்துதான் பார்ப்பேன் என்றால் தட்டையான, சட்டத்தில் நாலு பக்கமும் கட்டிய வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பருத்திக் கயிறு கைக்கு இதம், சாயம் அருமையாக ஏறும், ஆனால் விறைப்பு வராது. சணப்பு நார்க் கயிறு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். வயலுக்குப் பசுந்தாள் உரமாக விதைக்கிறோமே, அந்தச் செடியின் நார்தான். சணலைவிட வெளுப்பு, உறுதியும் கூடுதல், ஈரத்தில் பலம் குறைவதும் கம்மி.

நீட்டுவதற்கு முடிச்சு வேண்டாம், முன்பக்கம் கட்டி மாதிரி தெரியும். பல பிரிகளை முறுக்கிய கயிறு என்றால் பழைய முனை, புது முனை இரண்டையும் 8 செ.மீ.க்குப் பிரித்து, ஒவ்வொரு பிரியிலும் பாதி நாரைக் கத்தரித்து மெலிதாக்கி, எதிரெதிராக வைத்து, பழைய முறுக்குத் திசையிலேயே முறுக்குங்கள். விரலில் மாவுப்பசை கொஞ்சம் தொட்டுக்கொண்டால் பிரியாது. அந்த ஒட்டு தாங்குகயிற்றின் மேல் வரும் முடிச்சுக்குள் விழும்படி இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்துப் பக்கத்து இழைகளில் ஒட்டு ஒரே வரியில் வரக்கூடாது, குறைந்தது ஐந்து வரி தள்ளி வரட்டும்.

காப்பறை

மாவுப்பசை வேண்டாமே. கரப்பானுக்கும் சில்வர்ஃபிஷ்ஷுக்கும் விருந்து வைத்தது போலாகும். மெத்தில் செல்லுலோஸ் (தண்ணீரில் கரையும் பசைத்தூள்) 4% கரைசல் போதும், பூச்சி அண்டாது, பின்னால் கழற்றவேண்டி வந்தால் தண்ணீரில் இளகும்.

பிரிக்கயிறு

சரி, ஒத்துக்கொள்கிறேன். மெத்தில் செல்லுலோஸ் கிடைக்காத ஊரில் பசையே இல்லாமல், பிரிகளை 12 செ.மீ. நீளத்துக்கு மேலேற்றி முறுக்கினாலும் நிற்கும்.